குளிரில் மட்டும் எரியும் பிரேக் விளக்கு: வண்டி சூடாகும் முன்பே பார்த்துவிடுங்கள்

குளிர்காலத்தில் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறது, நாலு தெரு தாண்டுவதற்குள் தானாக அணைந்துவிடுகிறது, அப்புறம் அன்றைக்கு முழுக்க எட்டிப் பார்ப்பதே இல்லை. இப்படி உங்கள் காரில் நடந்தால் "குளிருக்கு அப்படித்தான் எரியும்" என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். பாதி உண்மைதான், குளிர்தான் விளக்கை எரிய வைக்கிறது. ஆனால் நல்ல நிலையில் இருக்கிற பிரேக்கில் குளிர் எதையும் எரிய வைப்பதில்லை. ஏற்கெனவே ஓரத்தில் நிற்கிற ஒன்றைத்தான் அது தள்ளிவிடுகிறது. எனவே அந்த ஓரத்தில் நிற்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் வண்டி குளிர்ந்து கிடக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும். சூடான பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

நான் இருப்பது டொரன்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில். டவுன்ஹவுஸ், மூடிய கராஜ் கிடையாது, கார் ராத்திரி முழுக்க வெளியில்தான் நிற்கும். ஜனவரி கடைசியில் விடியற்காலை மைனஸ் 20-ஐத் தொடுகிற மாதிரி தொடர்ந்து சில நாட்கள் வந்தன. அந்த நாட்களில்தான் இந்த விளக்கு ஆரம்பித்தது: வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, சிவப்பு. ஹேண்ட் பிரேக்கை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், அணையவில்லை. பெடலை அழுத்திப் பார்த்தேன், எப்போதும் போல உறுதியாக இருந்தது, உள்ளே இறங்கவில்லை. பார்க்கிங்குக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டி நிறுத்திப் பார்த்தேன், நேராக நின்றது. இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ரோட்டில் ஏறினேன். 401 நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. சாயந்திரம் ஆபீஸ் பார்க்கிங்கில் ஸ்டார்ட் செய்தபோது எரியவில்லை, ஏனென்றால் அது கட்டடத்துக்கு அடியில் இருக்கிற பார்க்கிங், அங்கே உறைகிற குளிர் கிடையாது.

நடுவில் ஒருநாள் வெப்பநிலை மைனஸ் 3-க்கு ஏறியது. அன்றைக்குக் காலையிலும் எரியவில்லை. மறுபடி இறங்கியதும் மறுபடி எரிந்தது. இந்த ஒழுங்கைக் கவனித்து வைத்துக்கொள்வது மிக முக்கியம். எத்தனை டிகிரியில் எரிந்தது, எவ்வளவு நேரத்தில் அணைந்தது, திருப்பத்தில் மினுக்கியதா, பிரேக் அழுத்தும்போது மினுக்கியதா, கூடவே வேறு விளக்கு எரிந்ததா என்பதையெல்லாம் போனில் குறித்து வையுங்கள். மெக்கானிக்கிடம் "குளிர்ல எரியுது" என்று சொல்வதைவிட இது பல மடங்கு உதவும். ஒரு விஷயம், வானிலைச் செய்தியில் காற்றுக் குளிர்ச்சி என்று சேர்த்து மைனஸ் 32 என்பார்களே, அது நம் தோலுக்கான கணக்கு. கார் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகாது, காற்றடித்தால் அந்த வெப்பநிலைக்குச் சீக்கிரம் வந்து சேரும், அவ்வளவுதான். எனவே குறிக்கும்போது உண்மையான வெப்பநிலையைக் குறியுங்கள்.

ஆபீஸ் பக்கத்தில் ஒரு பெரிய சர்வீஸ் கடையில் மதிய நேரத்தில் வண்டியைக் காட்டினேன். அவர்கள் ஸ்கேனரைச் சொருகினார்கள், வண்டியின் கணினியில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்றார்கள். கதகதப்பான பட்டறைக்குள் வண்டி நின்றுகொண்டிருந்தது, விளக்கும் எரியவில்லை. கடைசியில் ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) மாட்யூல் போக ஆரம்பித்திருக்கலாம், மாற்றிவிடலாம் என்று ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்தார்கள். எரியாத விளக்குக்கு, பதிவாகாத பிழைக் குறியீட்டுக்கு, ஒரு மாட்யூலை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்து வந்தேன்.

பிழைக் குறியீடு இல்லாததற்குக் காரணம் எளிமையானது. சிவப்பு பிரேக் விளக்கு என்பது ஒரே விளக்கு, ஆனால் அதன் பின்னால் பல விஷயங்கள் வரிசையில் நிற்கின்றன. ஹேண்ட் பிரேக் சுவிட்ச் ஒன்று. பிரேக் ஆயில் தொட்டியில் இருக்கிற மிதவை சுவிட்ச் ஒன்று. ஏபிஎஸ் கணினி ஒன்று, அது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பங்கிடுகிற வேலையைச் செய்ய முடியாமல் போனால் தன் மஞ்சள் விளக்கோடு இந்தச் சிவப்பையும் சேர்த்து எரிய வைக்கும். கொஞ்சம் வயதான பல கார்களில் முதல் இரண்டும் வெறும் சுவிட்ச், விளக்கை நேராக எரிய வைக்குமே தவிர எந்தப் பிழைக் குறியீட்டையும் எழுதி வைக்காது. அதனால் சிவப்பு மட்டும் தனியாக எரிந்து, ஏபிஎஸ் மஞ்சள் எரியாமல், பிழைக் குறியீடும் இல்லாமல் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு சுவிட்சுகளைத்தான். இதற்கு ஸ்கேனர் வேண்டாம், டார்ச் போதும்.

அடுத்த குளிர்க் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே பானட்டைத் திறந்தேன். பிரேக் ஆயில் தொட்டி பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் பக்கம், என்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டி இருக்கும். மங்கலான வெள்ளை பிளாஸ்டிக், பக்கவாட்டில் மேக்ஸிமம், மினிமம் என்று இரண்டு கோடுகள். மூடியைத் திறக்கத் தேவையில்லை, திறக்கவும் கூடாது. பனி விழும் நேரத்தில் திறந்தால் ஈரம் உள்ளே போகும், பிரேக் ஆயிலுக்கு ஈரம் ஆகாது. தொட்டியின் மேல் படிந்திருந்த உறைபனியைத் துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பின்பக்கமாக வைத்து அடித்தால் உள்ளே ஆயில் நிற்கும் மட்டம் ஒரு கருங்கோடு மாதிரி தெரியும். என் வண்டியில் அது மினிமம் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைத் தொட்டியின் பக்கத்தில் ஒட்டி, மார்க்கரால் அந்த மட்டத்தில் கோடு போட்டேன். சாயந்திரம் ஆபீஸ் பார்க்கிங்கில், குளிர் விட்டிருக்கிற வண்டியில், அதே டேப்பில் பார்த்தால் ஆயில் என் கோட்டுக்கு மேலே சில மில்லிமீட்டர் ஏறி நிற்கிறது, மினிமத்தைத் தாண்டி. புதிர் அங்கேயே பாதி அவிழ்ந்துவிட்டது.

பிரேக் ஆயில் குளிர்ந்தால் சுருங்கும், சூடானால் விரியும். மைனஸ் 20-இல் கிடக்கிற தொட்டி, என்ஜின் சூட்டில் 30, 40 டிகிரிக்கு ஏறினால் மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு உயரும். உள்ளே ஒரு மிதவை, அதில் சின்னக் காந்தம், கீழே ஒரு காந்த சுவிட்ச். மட்டம் குறைந்தால் காந்தம் இறங்கி சுவிட்சை மூடும், விளக்கு எரியும். மட்டம் கோட்டருகில் நிற்கிற வண்டியில் காலைக் குளிர் அதைக் கோட்டுக்குக் கீழே தள்ளுகிறது, என்ஜின் சூடு மறுபடி மேலே தூக்குகிறது. திருப்பத்திலோ இறக்கத்திலோ திடீர் பிரேக்கிலோ மினுக்குவதும் இதே காரணத்தால்தான், ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்க மிதவை இறங்கும்.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஒரு பாட்டில் பிரேக் ஆயில் வாங்கி ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் நல்லெண்ணத்தோடு பாட்டிலை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார், தேவைப்பட்டால் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். பிரேக் ஆயில் என்ஜின் ஆயில் போல எரிந்து குறைகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்களுக்குள் இருக்கிறது. மட்டம் குறைந்தால் இரண்டே காரணம்: ஒன்று எங்கோ கசிகிறது, இல்லையென்றால் பேட் (சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை உள்பக்கமும் வெளிப்பக்கமும் பிடிக்கிற கட்டை) தேய்ந்திருக்கிறது. பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பருக்குள் இருக்கிற பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், அது விட்டுப்போன இடத்தை நிரப்ப ஆயில் தொட்டியிலிருந்து கீழே இறங்கும். அதாவது தொட்டியின் மட்டம் பேட் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதற்கும் ஒரு அளவுகோல். ஆயிலை ஊற்றினால் அந்த அளவுகோலை நாமே அழித்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, பிறகு புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், ஆயில் எல்லாம் மேலேறி வழியும், வழிந்த இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும்.

சக்கரத்தின் இடுக்கு வழியாக டார்ச் அடித்து நாலு பேடையும் பார்த்தேன். வெளிப்பக்கப் பேட் எல்லாமே ஓரளவு தடிமனாகத்தான் தெரிந்தன. தரையிலும் சக்கரத்தின் உட்புறத்திலும் கசிந்த ஈரம் இல்லை. பிரேக் ஆயில் கசிந்தால் தொட்டுப் பார்க்கும்போது வழுவழுவென்று இருக்கும், பனி உருகிய தண்ணீர் அப்படி இருக்காது. கசிவும் இல்லை, பேடும் பரவாயில்லை, ஆனால் மட்டம் குறைந்திருக்கிறது. உள்பக்கப் பேடைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது.

அதனால் மார்க்கம் ரோடு பக்கம் ஒரு சின்னக் கராஜ் வைத்திருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணனிடம் போனேன். நடந்ததை முழுக்கக் கேட்டார், டேப்பில் இருக்கிற கோட்டையும் பார்த்தார். அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "தம்பி, காரை விட்டிட்டுப் போங்கோ. இரவு வெளியில நிக்கட்டும், விடிய ஸ்டார்ட் பண்ண முன்னம் நான் பாக்கிறன். எண்ணெயை ஊத்தினா லைட் போகும், வருத்தம் போகாது." (வருத்தம் என்றால் யாழ்ப்பாணப் பேச்சில் நோய்.) குளிரில் வருகிற கோளாறைக் குளிரில்தான் பார்க்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரத் தேவைப்படவில்லை. நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்: முதல்நாள் சாயந்திரமே வண்டியைக் கொடுத்து, ராத்திரி வெளியில் நிறுத்தி, காலையில் உள்ளே எடுப்பதற்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாத கடையில் வேலை கொடுக்காமல் இருப்பதே நல்லது.

காலையில் அவர் முதலில் செய்தது தொட்டியின் கனெக்டரைக் கழற்றியது. இக்னிஷன் ஆன், விளக்கு எரிகிறது, கனெக்டரைக் கழற்றினார், விளக்கு அணைந்தது. மறுபடி சொருகினார், எரிந்தது. என் வண்டி மாதிரி நிறைய வண்டிகளில் இந்த ஒரு சோதனையிலேயே ஹேண்ட் பிரேக் பக்கமா தொட்டிப் பக்கமா என்று தெரிந்துவிடும். சில புது வண்டிகளில் மின்சுற்று வேறு மாதிரி, கழற்றினாலும் எரியும், எனவே அங்கே இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அப்புறம் தொட்டியை விரலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். மிதவை அழுக்கில் சிக்கியிருந்தால் தட்டினவுடன் விளக்கு அணையும். அணையவில்லை. உண்மையிலேயே மட்டம்தான்.

பிறகு வண்டியைத் தூக்குகிற ஹோயிஸ்டில் ஏற்றினார். வலது பின்சக்கரத்தைக் கழற்றிக் காலிப்பரைத் தூக்கியதும் விஷயம் வெளியே வந்தது. வெளிப்பக்கப் பேடில் 7 மில்லிமீட்டர் இருந்தது, உள்பக்கப் பேடில் இரண்டுகூட இல்லை. புதுப் பேட் சாதாரணமாக 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், 3-க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரே காலிப்பரில் ஒரு பேட் நன்றாக இருக்க இன்னொன்று ஏன் இப்படித் தேய வேண்டும்? காலிப்பர் இரண்டு வழுக்குப் பின்களின் (pin, உலோகத் தண்டு) மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும், அப்போதுதான் பிஸ்டன் ஒரு பக்கம் தள்ள, மறுபக்கப் பேடும் டிஸ்க்கைப் பிடிக்கும். அதில் ஒரு பின் அசையவே இல்லை. அண்ணன் பைப் ரெஞ்சால் பிடித்துத் திருகி, சூடுகாட்டித்தான் வெளியே எடுத்தார். நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு வெந்த துரு, கிரீஸ் காய்ந்து கறுப்பு மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, ரப்பர் உறையில் ஓர் ஓரமாகக் கீறல். அந்தக் கீறல் வழியாகத்தான் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

ஒன்டாரியோவில் குளிர்காலம் ஓட்டுகிறவர்களுக்கு உப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ரோட்டில் கொட்டுகிற உப்பு பனியை உருக்குகிறது, உருகின உப்புச் சகதி வண்டியின் அடிப்பக்கம் முழுக்க ஏறி ஒட்டுகிறது. பின்பக்கக் காலிப்பர்களுக்கு முன்சக்கரம் வாரி இறைப்பதும் சேர்ந்து விழும். சாதாரண ஓட்டத்தில் பிரேக்கின் பெரும்பங்கு வேலையை முன்சக்கரங்கள்தான் செய்கின்றன, அதனால் பின்பக்கம் அவ்வளவு சூடாவதும் இல்லை, ஈரம் சீக்கிரம் காய்வதும் இல்லை. பின்பக்கக் காலிப்பரின் வழுக்குப் பின் சிக்குவது இங்கே சர்வ சாதாரணம் என்று அண்ணன் சொன்னார். ஆனாலும் பலர் முன்பக்கப் பேடை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்களாம். நீங்கள் சர்வீஸுக்குப் போகும்போது "பேட் எவ்வளவு இருக்கு" என்று கேட்டால், நாலு சக்கரத்திலும் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் பேடும் டிஸ்க்கும் மாற்றி, புதுப் பின், புது ரப்பர் உறை போட்டு, சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவினார்கள். கிரீஸ் விஷயத்தில் கறாராக இருங்கள். சாதாரண வண்டி கிரீஸ் பெட்ரோலியத்தில் செய்தது, அது இந்த ரப்பரை உப்ப வைக்கும், சில மாதத்தில் பின் மறுபடி சிக்கும். புதுப் பேடுக்காகப் பிஸ்டன்களை உள்ளே தள்ளியதும் தொட்டியில் ஆயில் மட்டம் தானாகவே மேக்ஸிமத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு சொட்டு ஊற்றவில்லை. விளக்கு அதன் பிறகு மைனஸ் 20 காலையிலும் எரியவில்லை. ஏபிஎஸ் மாட்யூலுக்குச் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் செலவானது.

இது என் வண்டியின் கதை. உங்கள் வண்டியில் தொட்டி மட்டம் சரியாக இருந்து, விளக்கு மட்டும் குளிரில் எரிந்தால் ஹேண்ட் பிரேக் பக்கம் திரும்புங்கள். லீவருக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், லீவர் முழுக்க இறங்கினால்தான் அது விடுபடும். பழைய கிரீஸ் குளிரில் இறுகி லீவர் கடைசி ஒரு பல் இறங்காமல் நின்றாலே விளக்கு எரியும். காலால் மிதிக்கிற ஹேண்ட் பிரேக் இருக்கிற வண்டிகளில் இது இன்னும் அதிகம், பெடல் முழுக்க மேலே வராது. எரியும்போது லீவரைக் கையால் கீழே அழுத்திப் பாருங்கள், அல்லது பெடலைக் காலின் மேல்பக்கத்தால் மேலே தூக்கிப் பாருங்கள். அணைந்தால் அதுதான்.

இதைவிடத் தொல்லையானது ஹேண்ட் பிரேக் கேபிளே உறைந்துவிடுவது. கேபிளின் உறையில் விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்ப் பனிக்கட்டியாகிவிடும், லீவர் இறங்கும், விளக்கும் அணையும், ஆனால் பின்சக்கரம் விடுபட்டிருக்காது. வண்டி நகர மறுக்கும், அல்லது பின்சக்கரம் சுற்றாமல் இழுபட்டு வரும். இந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்கவே கூடாது. என்ஜினை ஓடவிட்டு, முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள், வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், சூடான இடத்துக்கு இழுத்துப் போவதுதான் வழி. கொதிக்கிற தண்ணீரை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், கொஞ்ச நேரத்தில் அதே தண்ணீர் இன்னும் நல்லாக உறையும். கடுங்குளிர் ராத்திரியில், அதிலும் கார் கழுவிவிட்டோ சகதியில் ஓட்டிவிட்டோ வந்திருந்தால், சமதரையில் நிறுத்தி ஆட்டோமேட்டிக் கியரை பார்க்கிங்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் விடுவதே நல்லது. சரிவு என்றால் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பொத்தானில் வேலை செய்கிற எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் சில வண்டிகளில் என்ஜினை அணைத்ததும் தானாகப் பிடித்துக்கொள்ளும், அதை எப்படித் தடுப்பது என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். வீட்டுக்கு வருகிற கடைசித் தெருவில் பிரேக்கை லேசாக ரெண்டு மூணு தடவை அழுத்தி ஓட்டினால் பேடில் ஒட்டிய ஈரம் காய்ந்துவிடும், இது நான் தினமும் செய்கிற வேலை.

சிவப்போடு சேர்ந்து ஏபிஎஸ், வழுக்கல் தடுப்பு, ஸ்டியரிங் என்று ஒரு கூட்டமே எரிந்தால் பிரேக்கைப் பிரிப்பதற்கு முன்னால் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரியின் பலம் உறைநிலையிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், மைனஸ் 18-இல் பாதிக்கும் கீழே போய்விடும். அதே நேரம் இறுகிப்போன என்ஜினைச் சுற்ற அதிக மின்சாரம் வேண்டும். ஸ்டார்ட் செய்கிற அந்த நொடியில் வோல்டேஜ் விழுந்தால் கணினிகள் குழம்பி எல்லா விளக்கையும் எரிய வைக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், என்ஜின் ஓடும்போது 13.5-க்கு மேல். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. சில பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் கெட்டால் பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் ஜோடியாக மங்கலாக எரியும், அது பிரேக் கோளாறே இல்லை.

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் என்றால் சக்கரத்தின் வேக சென்சாரில் பனி அடைத்திருக்கலாம், இல்லை உப்புத் துரு சென்சாரை இடத்தை விட்டுத் தூக்கியிருக்கலாம். ஒரு ராத்திரி சூடான பார்க்கிங்கில் விட்டு, பனி முழுக்க உருகின பிறகும் எரிகிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். ஏபிஎஸ் இல்லாமலும் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் வழுக்கும் ரோட்டில் சக்கரம் பூட்டிக்கொள்ளும், எனவே முன்வண்டிக்கு நிறைய இடம் விட்டு ஓட்டுங்கள்.

பிரேக் ஆயிலின் வயதையும் பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை இறங்கும் என்பது பலருக்குத் தெரியும், டாட் 3 என்ற ரக ஆயிலுக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரி, ஈரம் சேர்ந்தபின் 140 என்று தரநிலை. குளிரில் பிசுபிசுப்பு ஏறுவதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மைனஸ் 40 டிகிரியில் டாட் 3-இன் பாகுநிலை (எண் கூடினால் ஆயில் அதிகக் கெட்டி) 1500-ஐத் தாண்டக்கூடாது என்று தரம் வகுத்திருக்கிறார்கள், டாட் 4-க்கு 1800, டாட் 5.1-க்கு 900 மட்டுமே. பெயரில் எண் பெரிதாக இருப்பதால் எல்லாவற்றிலும் மேல் என்று நினைத்து டாட் 4 ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், குளிரில் அது இன்னும் கெட்டியாகவும் இருக்கலாம். தொட்டியின் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான், பெயர் பக்கத்தில் இருந்தாலும் இவற்றோடு கலக்கவே கூடாது.

எப்போது ஓட்டக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறது, அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெதுவாக இறங்குகிறது, பஞ்சு மாதிரி இருக்கிறது, அல்லது தொட்டியில் மட்டம் கண் முன்னால் குறைகிறது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். பெடல் கல் மாதிரி இறுகி, அழுத்தினாலும் வண்டி நிற்காமல் போனாலும் அப்படித்தான், அது பூஸ்டர் (நாம் பெடலை அழுத்துகிற விசையைக் கூட்டித் தருகிற பாகம்) பக்கக் கோளாறு.

பிராம்ப்டனில் இருக்கிற என் சித்தப்பா என் கதையைக் கேட்டிருந்தார். பிப்ரவரியில் ஒருநாள் காலையில் போன் செய்து, "உன் வண்டி மாதிரியேதான்டா எனக்கும் எரியுது, கொஞ்சம் ஓட்டினா அணைஞ்சிடும் இல்ல?" என்றார். ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே பெடலை அழுத்திப் பிடிங்க சித்தப்பா, மனசுக்குள்ள முப்பது எண்ணுங்க என்றேன். பாதி எண்ணுவதற்குள் பெடல் தரைக்குப் போய்விட்டது. வண்டியை நகர்த்தாமல் டோ வண்டியைக் கூப்பிடச் சொன்னேன். பின்சக்கரத்துக்குப் போகிற இரும்புப் பிரேக் குழாய், பெட்ரோல் டாங்குக்கு மேலே யார் கண்ணுக்கும் படாத இடத்தில், உப்பில் அரித்து ஓட்டையாகியிருந்தது. இப்போதைய வண்டிகளில் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று ஓரளவு நிறுத்தும், ஆனால் பனி படிந்த ரோட்டில் அதை நம்பிக் கிளம்ப முடியாது. அவர் வண்டியும் என் வண்டி மாதிரி பத்து வருடத்துக்கு மேலான வண்டிதான். மெக்கானிக் அந்த ஒரு குழாயை மட்டும் ஒட்டுப்போடாமல் பின்பக்கக் குழாய்கள் இரண்டையும் மாற்றச் சொன்னார், துரு அரிக்காத செம்பு-நிக்கல் குழாய் போட்டார்கள். உங்கள் வண்டிக்கும் அந்த வயது என்றால், அக்டோபரிலோ நவம்பரிலோ குளிர்கால டயர் மாற்ற ஹோயிஸ்டில் ஏறும்போது காலிப்பரின் வழுக்குப் பின்களைக் கழற்றித் துடைத்து கிரீஸ் போடச் சொல்லுங்கள், கூடவே டாங்குக்கு மேலே போகிற குழாயை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டயர் எப்படியும் கழன்றிருக்கும், அதிக நேரம் பிடிக்காது.